குமரி மாவட்டத்தில் வெளியே உட்கார்ந்து வரையத் தொடங்குபவர்களுக்கு: பை, நேரம், அனுமதி, குழு

பள்ளி ஓவியப் போட்டிகளுக்கு நம் மாவட்டத்தில் குறைவே இல்லை. ஆனால் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய், கண்ணெதிரே இருப்பதை அங்கேயே உட்கார்ந்து வரைய ஆசைப்பட்டால் எங்கே போவது, யாரிடம் கேட்பது, எந்த நேரத்தில் போனால் எழுப்பிவிட மாட்டார்கள் என்று சொல்லித்தர ஆளில்லை. நான் ஒவ்வோர் இடமாக அலைந்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு நினைவுச்சின்னத்தில் வாசல் காவலர் அனுமதிக் கடிதம் கேட்டார். அந்தக் கடிதத்தை யார் தருவார்கள் என்று விசாரிக்கப் போன அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டினார்கள். அங்கே போனால் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

வரையும் திறமை பற்றி இதில் கொஞ்சம்தான் இருக்கும். அது கை பழகப் பழக வரும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், தலையில் வெயில் ஏறாமல், யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்ற பதற்றம் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார முடிந்தாலே பாதிப் படம் முடிந்த மாதிரி. அதற்கான ஏற்பாடுகளைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

1. பையைச் சுருக்குங்கள்

முதல் மூன்று மாதத்துக்குத் தேவையானவை இவ்வளவுதான்: ஏ5 அளவில் ஒரு ஸ்கெட்ச் நோட்டு, ஒரு பால்பாயின்ட் பேனா, தண்ணீர் பட்டாலும் கரையாத மையுள்ள பேனா ஒன்று, 2பி பென்சில், 12 நிற வாட்டர்கலர் கேக் பெட்டி, 6 அல்லது 8-ஆம் எண் வட்ட பிரஷ் ஒன்று, இறுக்கமான மூடியுள்ள சின்ன டப்பா, பழைய பருத்தித் துணி, இரண்டு பெரிய கிளிப்.

கிளிப்பை மறந்தால் நம் ஊரில் வரையவே முடியாது. கடற்கரையிலும் சரி, ஆரல்வாய்மொழிப் பக்கமும் சரி, காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். நோட்டின் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று மாட்டுங்கள்.

தாள் வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் எண்) எவ்வளவு என்று பாருங்கள். 150 அளவில் இருக்கும் தாள் பேனாவுக்கும் பென்சிலுக்கும் போதும். அதில் வண்ணத்தைத் தாராளமாகத் தீட்டினால் அப்பளமாகச் சுருண்டுவிடும். லேசாக வண்ணம் போட 200 வேண்டும். வானம், கடல் என்று தண்ணீர் நிறைய விட்டுத் தீட்டுவதற்கு 300. விலை அதிகம் என்பதால் 300 ஜிஎஸ்எம் தாளைப் பெரிய அளவில் வாங்கி நான்காகவோ எட்டாகவோ வெட்டிக்கொள்வது லாபம்.

பேனாவில்தான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். பல ஜெல் பேனாக்களின் மையும் சாதாரண மைப்பேனாவின் மையும் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கலங்கும். 'பிக்மென்ட் இங்க்' அல்லது 'வாட்டர்புரூஃப்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கி வந்ததும் வீட்டில் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடம் விட்டு, ஈரப் பிரஷால் தடவிப் பாருங்கள். கோடு அசையாமல் நின்றால் பையில் போடலாம். பத்து ரூபாய் பால்பாயின்ட் பேனாவின் மை எண்ணெய் கலந்தது. அதன்மேல் வண்ணம் போட்டாலும் கோடு ஓடாது. கையில் காசு குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு அதையே நான் சிபாரிசு செய்வேன்.

நாகர்கோவிலின் பெரிய ஸ்டேஷனரிக் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். கடைக்குக் கடை விலை மாறினாலும் 500 முதல் 700 ரூபாய்க்குள் மேலே சொன்ன பட்டியல் முடிந்துவிடும். ஈசல் (படத்தைத் தாங்கும் நிலைச்சட்டம்), மடக்கு மேசை, 36 நிறப் பெட்டி எதுவும் இப்போது வேண்டாம். ஈசலை விரித்தாலே கூட்டம் கூடும், காவலர் வருவார். மடியில் நோட்டை வைத்திருப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. உட்கார இடம் கிடைக்காத ஊர்களுக்காக மடக்கு ஸ்டூல் ஒன்று இருந்தால் நல்லது. அதையும் பிறகு வாங்கலாம்.

2. மாதம், கிழமை, மணி

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்குப் பருவமழை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, வடகிழக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. புதிதாகத் தொடங்குபவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மிக நல்ல காலம். வெளிச்சம் தெளிவாக இருக்கும், வண்ணம் சீக்கிரம் காயும். மழை மாதங்களில் காற்றில் ஈரம் ஏறி, தண்ணீர் விட்டுத் தீட்டிய ஒரு வண்ணப் பூச்சு காய நெடுநேரம் பிடிக்கும். அப்போது பேனாவோடு நிறுத்திக்கொண்டு வண்ணத்தை வீட்டில் போடுவது நல்லது.

நேரம்: காலை ஆறரையிலிருந்து ஒன்பது, மாலை நாலரையிலிருந்து ஆறேகால். நடுப்பகலில் நிழல் காலடியில் சுருங்கிவிடும். கட்டடத்தின் எந்தச் சுவர் முன்னே நிற்கிறது, எது பின்னே என்றே பிரித்துக் காட்ட முடியாது.

கிழமையில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. நம் கடற்கரைக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், காலையில் தேவாலயத்தில் பூசை. வள்ளங்களெல்லாம் கரையேறி அசையாமல் கிடக்கும். படகு வரையப் பழக அதைவிட நல்ல நாள் கிடையாது. மீன் ஏலத்தையும் ஆட்களின் பரபரப்பையும் வரைய வேண்டுமென்றால் வேலை நாளில் போக வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் அது இரண்டாகப் பிரிந்து வரும். கிழக்கே சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாட்களில் விசைப்படகுகள் துறைமுகத்தில் அடுக்கடுக்காக நிற்கும், வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். வரைவதற்கு அருமையான காலம். இந்தத் தடை நாட்டுப் படகுகளுக்குக் கிடையாது.

கன்னியாகுமரி ஊரை நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை தவிர்த்துவிடுங்கள். ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் உட்கார ஓரடி இடம் கிடைக்காது.

3. முதல் சில இடங்கள்

எடுத்த எடுப்பிலேயே திருவள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் வரையப் போக வேண்டாம். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். படகு டிக்கெட்டுக்கே நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டும், கடல்மட்டம் தாழ்ந்தாலோ அலை கூடினாலோ படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். 133 அடிச் சிலையைக் கரையிலிருந்தே வரையலாம். அதற்கும் முன்னால் கீழே உள்ள இடங்களில் கை பழகட்டும்.

நாகர்கோவில் வேப்பமூடு பூங்கா: நகரத்தின் நடுவில், நிழலோடு, சாயாக்கடைக்குப் பக்கத்தில். மரம், பெஞ்சு, உட்கார்ந்திருக்கும் ஆட்கள் என்று எளிதான பொருள்கள். முதல் நாளுக்கு இது போதும்.

சுசீந்திரம் தெப்பக்குளம்: குளக்கரையிலிருந்து நடு மண்டபமும் 134 அடி ராஜகோபுரமும் ஒரே பார்வையில் வரும். காலை வெயில் கோபுர முகப்பில் விழும்போது போங்கள். கோபுரத்தில் இருக்கும் ஒவ்வொரு பொம்மையையும் வரைய முயன்றால் முதல் நிலையைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். ஏழு நிலைகளையும் முதலில் ஏழு பட்டைகளாகப் பிரித்து, மேலே போகப் போக ஒவ்வொன்றும் எவ்வளவு குறுகுகிறது என்று பென்சிலால் அளந்து குறியுங்கள். சிற்பங்களுக்குப் புள்ளிகளும் சுழிகளும் போதும். நிழல் விழும் பக்கத்தில் மட்டும் அவற்றை அடர்த்தியாக வையுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம்: 28 தூண்கள், 115 அடி உயரம். பாலத்தின் மேலிருந்து வரையாதீர்கள். நடைபாதை குறுகலானது, நீங்கள் நின்றால் பின்னால் வருபவர்கள் நிற்க வேண்டும். படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். தூண்கள் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போவது கண்ணுக்கு நேராகத் தெரியும். பெர்ஸ்பெக்டிவ் படிக்கப் புத்தகமே வேண்டாம்.

வட்டக்கோட்டை: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர். மேலே நிழல் குறைவு, காற்று பலம். எட்டு மணிக்கு மேல் குடையில்லாமல் தாங்காது.

பத்மநாபபுரம் அரண்மனை: இதைப் பற்றி அடுத்த பகுதியில் சொல்கிறேன். புதியவருக்கு நல்ல இடம்தான், ஆனால் விதிகள் தெரிந்து போக வேண்டும்.

சிதறால் மலைக்கோயில்: கல் பாவிய பாதையில் ஏற வேண்டும். தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களை வரைய மாலை நேரம் சரிவராது, இறங்குவதற்குள் இருட்டிவிடும். காலையில் ஏறுங்கள்.

நாகர்கோவில் மணிமேடையை வரைய ஆசையிருந்தால் சாலையோரம் நிற்காதீர்கள். எதிரே ஒரு கடையில் சாயா வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

4. அனுமதியும் ஆவணங்களும்

தனியாளாக, மடியில் நோட்டோடு, பொது இடத்தில் வரைய அனுமதிக் கடிதம் தேவைப்படுவதில்லை. குழுவாகப் போனாலும், கோயிலுக்குள்ளோ டிக்கெட் உள்ள இடத்துக்குள்ளோ நெடுநேரம் உட்கார்ந்தாலும் கேள்வி வரும். அந்த இடம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. நம் கலெக்டர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துப் பயனில்லை. அரண்மனை வளாகத்தில் இருக்கும் அலுவலகத்திலேயே கேட்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. மதியம் இடைவேளை உண்டு. உள்ளே செருப்பு கூடாது, கேமராவுக்குத் தனிக் கட்டணம். உள் அறைகளில் ஒருவழியாக ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். உட்கார விடமாட்டார்கள், உட்காரவும் கூடாது. முற்றத்திலிருந்து பூமுகம் என்ற நுழைவு மண்டபத்தின் முக்கோண முகப்பையும், அடுக்கடுக்கான ஓட்டுக் கூரைகளையும், மணிக்கூண்டையும் தாராளமாக வரையலாம். பூமுகத்து மேற்கூரையில் செதுக்கிய மரப்பூக்களை நின்றபடியே சின்னச் சின்னக் குறிப்புகளாக எடுத்துக்கொண்டு வெளியே வந்து முடிக்கலாம்.

வட்டக்கோட்டையும் சிதறாலும் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை. அந்தத் துறையின் இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். ஈசலைப் பார்த்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். நுழைவுக் கட்டணம் உள்ள இடங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. வயதைக் காட்ட ஏதாவது அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில்கள் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ். சுசீந்திரம் போன்ற பெரிய கோயிலின் உட்பிராகாரத்தில் வரைய வேண்டுமென்றால் கோயில் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், படமெடுக்கக் கூடாது. கருவறைப் பக்கம் நோட்டைத் திறக்கவே வேண்டாம். தேவாலயத்துக்குப் பங்குத்தந்தையிடமும், பள்ளிவாசலுக்கு ஜமாஅத் நிர்வாகியிடமும் நேரில் கேட்பது போதும். நான் போன இடங்களில் பெரும்பாலும் மலர்ந்த முகத்தோடு சம்மதித்தார்கள், பூசை, தொழுகை நேரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள்.

காளிகேசம் மாதிரி காட்டுப் பகுதிக்குக் குழுவாகப் போவதென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சோதனைச் சாவடிக்குப் போய் நின்று கேட்டால் திரும்பி வர வேண்டியதுதான். மணவாளக்குறிச்சி மணல் ஆலை, துறைமுகங்களின் பாதுகாப்புப் பகுதி, மின் நிலையங்கள் ஆகியவற்றின் வாசலில் உட்கார்ந்து வரையாதீர்கள். ரயில் நிலையத்தில் பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். அதை வாங்காமல் உள்ளே உட்கார வேண்டாம்.

கடிதம் எழுதும்போது ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நான் பயன்படுத்தும் வாசகம் இது:

"ஐயா, நாங்கள் நேரில் பார்த்து வரையும் ஓவிய ஆர்வலர்கள். வரும் ___ தேதி காலை 7 மணி முதல் 9 மணி வரை ___ பேர் தங்கள் வளாகத்தின் ___ பகுதியில் அமர்ந்து வரைய அனுமதி வேண்டுகிறோம். பென்சில், பேனா, நீர்வண்ணம் மட்டுமே பயன்படுத்துவோம். ஈசல், குடை, ஒலிபெருக்கி, விளக்கு எதுவும் கொண்டுவர மாட்டோம். தரையில் வண்ணம் சிந்தாமல் பார்த்துக்கொள்வோம். இதில் வணிக நோக்கம் இல்லை."

கீழே பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் கைபேசி எண்ணும். இணைப்பாக வருபவர்களின் பெயர்ப் பட்டியல், பொறுப்பாளரின் அடையாள அட்டை நகல். ஆதார் கொடுப்பதானால் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட நகலைப் பதிவிறக்கம் செய்து கொடுங்கள், அது போதும். மாணவர்கள் கல்லூரி அடையாள அட்டையே கொடுக்கலாம்.

இரண்டு வாரம் முன்னதாகக் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால்தான் பலருக்கு மறுபடி மறுபடி அலைச்சல். முத்திரை உள்ள பிரதியைக் காட்டினால் வாசலில் இருப்பவர் மேலிடத்துக்குப் போன் செய்து கேட்கவாவது செய்வார். போட்டோ காப்பி, பேருந்துக் கட்டணம் தவிர இதற்கு வேறு செலவில்லை. யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

5. கடற்கரை ஊர்களுக்குப் போகும்போது

நம் கடற்கரை மக்களுக்கு நோட்டோடு வந்து ஊரை உற்றுப் பார்க்கும் ஆட்கள்மீது சந்தேகம் வர நியாயமான காரணம் உண்டு. இனயத்தில் வர்த்தகத் துறைமுகம் என்றார்கள், பிறகு கன்னியாகுமரி அருகே கோவளம் பக்கம் என்றார்கள், கிள்ளியூர் வட்டத்தில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் வந்தது. ஒவ்வொன்றையும் ஊரே திரண்டு எதிர்த்தது. அதனால் முதலில் வரும் கேள்வி, "என்ன மக்கா, சர்வேக்கு வந்ததா?"

"இல்லண்ணே, படம் வரையதுக்காக்கும் வந்தோம்" என்று சொல்லி நோட்டைத் திறந்து பழைய பக்கங்களைக் காட்டிவிடுங்கள். வாய் விளக்கத்தைவிட அது சீக்கிரம் புரியும். பெரும்பாலும் அடுத்த வாக்கியம், "அப்ப எங்க வள்ளத்த வரஞ்சு தா" என்பதாக இருக்கும். அன்றைக்கு நான்கைந்து பேராகப் போவதென்றால், ஊர்க் கமிட்டி ஆட்களிடமோ பங்குத்தந்தையிடமோ ஒரு சொல் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

மீன் ஏலம் நடக்கும்போது நடுவில் போய் நிற்காதீர்கள். கூடை தூக்கி வருகிறவர்களுக்கு வழி வேண்டும், மீன் வாங்க வந்த பெண்களுக்கு நேரம் பொன். ஓரமாக, ஏலக்காரருக்குப் பின்பக்கம் நின்றால் முகங்கள் உங்களைப் பார்த்து வரும்.

ஆட்களை வரைவதில் ஒரு நெறி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் சின்ன உருவமாக வரைவதற்குக் கேட்க வேண்டாம். முகம் தெரிய வரைவதானால் கேட்டே ஆக வேண்டும், பெண்களிடமும் வயதானவர்களிடமும் இன்னும் கவனமாக. வரைந்து முடித்ததும் காட்டுங்கள், கைபேசியில் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகளின் முகத்தை வரைந்து பெயரோடு இணையத்தில் போடாதீர்கள்.

கடலைப் பற்றி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கள்ளக்கடல் என்று நம் மக்கள் சொல்வது, காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளிலும் எங்கோ தூரக்கடலில் எழுந்த அலை திடீரென்று கரையேறுவது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அதில் உயிரிழந்தார்கள். வரைகிறவர் குனிந்தே இருப்பார், அலை வருவது தெரியாது. முட்டத்துப் பாறைகளின் ஈரமான பகுதியில் உட்காரவே கூடாது. பாறை ஈரமாக இருக்கிறதா, மேலே உப்பு படிந்து வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரமென்றாலும் உப்பென்றாலும் கடல்நீர் அங்கே வந்து போகிறது என்று அர்த்தம். இன்காய்ஸ் (இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் கடற்கரைத் திட்டத்தையே மாற்றிவிடுங்கள்.

6. உட்கார்ந்த பிறகு

முதல் ஐந்து நிமிடம் வரையாமல் பாருங்கள். பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு அதற்குள் பெரிய வடிவங்களை மட்டும் வையுங்கள். இந்தச் சின்னக் கட்டத்தில் நன்றாக இல்லாத காட்சி பெரிய தாளிலும் நன்றாக வராது. அதன் பிறகு உங்கள் கண்மட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு மெல்லிய கோடு. கடற்கரையில் தொடுவானமே அந்தக் கோடு. நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் நிற்கிற ஆட்களின் இடுப்புக்கும் கீழே தொடுவானம் வெட்டிப்போகும். அவர்கள் தலைக்கு மேலே கடலை வரைந்தால் படம் சாய்ந்த மாதிரி தெரியும்.

நிழலை முதலிலேயே குறித்துவிடுங்கள். சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும். இடது பக்கம் ஒரு நேரத்து நிழலும் வலது பக்கம் இன்னொரு நேரத்து நிழலும் விழுந்தால் கட்டடம் நம்பும்படியாக இருக்காது.

வள்ளம் வரைவது நம் ஊரில் தப்ப முடியாத பாடம் என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நேராகக் கரையைப் போடத் தொடங்கினால் பெரும்பாலும் வாழை இலை மாதிரி தட்டையாகிவிடும். படுக்கையாக ஓர் 8 போடுங்கள், ஒரு வளையம் நீளமாக, ஒன்று குட்டையாக. நீள வளையத்தின் வெளிக்கோடு வள்ளத்தின் மேல் விளிம்பாகும். இரு வளையமும் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அணியம், அதாவது வள்ளத்தின் முன்முனை, உயரும். பிறகு விளிம்பிலிருந்து அடிப்பாகத்துக்கு வளைவைக் கீழே இறக்குங்கள். மணலில் அது எவ்வளவு புதைந்து கிடக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் அடர்ந்த நிழல் ஒன்றை வையுங்கள். அந்த நிழல் இல்லையென்றால் வள்ளம் மணலுக்கு மேல் மிதக்கும். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் விளிம்பு அவர் உடலில் எதுவரை வருகிறது என்று பார்த்து அளவு பிடித்துக்கொள்ளுங்கள்.

மரங்களில் தென்னையையும் பனையையும் பொதுவாக ஒரே மாதிரி நட்சத்திரமாகப் போட்டுவிடுகிறோம். தென்னை ஓலையின் நடு மட்டை எங்கே வளைந்து தொங்கத் தொடங்குகிறது என்று பாருங்கள், பனைக்கு ஒவ்வோர் ஓலையும் தனி விசிறி. மேற்கே ரப்பர் தோட்டங்களில் குளிர்காலத்தில் இலை உதிர்ந்து, செம்பு நிறத்தில் துளிர் வரும். பச்சையே இல்லாத குமரி நிலத்தை வரைய அந்தச் சில வாரங்கள்தான் வாய்ப்பு. மற்ற நாட்களில் பச்சை மிகுதிதான் சிக்கல். பெட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே போடாமல் கொஞ்சம் பழுப்பு கலந்து மட்டுப்படுத்துங்கள்.

முடித்ததும் ஓரத்தில் இடம், தேதி, நேரம் எழுதுங்கள்.

7. பேருந்திலும் ரயிலிலும்

வண்டி ஓடும்போது பால்பாயின்ட் பேனா மட்டும். குலுக்கலில் கோடு நடுங்கும், நடுங்கட்டும். முன்னிருக்கையில் உள்ளவரின் பின்தலை, கம்பியைப் பிடித்திருக்கும் கைகள் போதும். எதிரே இருக்கும் பெண்களை உற்றுப் பார்த்து வரையாதீர்கள். வெளியூர் பேருந்துகளுக்கு வடசேரி நிலையம், நகரப் பேருந்துகளுக்கு அண்ணா பேருந்து நிலையம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், சுசீந்திரம், முட்டம் மாதிரி பக்கத்து இடங்களுக்குக் கல்லூரி மாணவிகள் குழுவாகப் போகப் பயணச் செலவே இருக்காது.

8. குழு சேர்ப்பது

மூன்று பேர் போதும். ஐம்பது பேரை வாட்ஸ்ஆப்பில் சேர்த்துவிட்டு நாள் குறித்தால் நான்கு பேர் வருவார்கள். மூன்று பேர் ஒரு மாதம் தவறாமல் வந்தால் அடுத்த மாதம் ஆறாகும்.

நாளை மாற்றாதீர்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என்றால் எப்போதும் இரண்டாவது ஞாயிறு. இடத்தை ஒரு வாரம் முன்னதாக அறிவியுங்கள். அறிவிப்பில் இவை இருக்க வேண்டும்: கூடும் இடத்தின் வரைபடக் குறி, நேரம், எந்த நிலையத்திலிருந்து பேருந்து, கழிப்பறை எங்கே, நிழல் உண்டா, மழை பெய்தால் மாற்று இடம் எது. கழிப்பறை பற்றிச் சொல்லாத அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பல பெண்கள் வராமலே இருந்துவிடுகிறார்கள். பொறுப்பாளர் முதல் நாளே போய்ப் பார்த்து வருவது அவசியம்.

ஆறே முக்காலுக்குக் கூடி, ஏழிலிருந்து எட்டரை வரை வரைந்து, பிறகு எல்லா நோட்டுகளையும் தரையில் வரிசையாக விரித்து ஒரு கால் மணி நேரம் பாருங்கள். ஒரே கோபுரத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பார்த்திருப்பார்கள். ஆசிரியர் இல்லாமலே பாடம் நடப்பது அந்த நேரத்தில்தான். "இது தப்பு" என்று சொல்ல அனுமதிக்காதீர்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கட்டும். அதன் பிறகு சாயாவும் ரசவடையும் அவரவர் காசில்.

உறுப்பினர் கட்டணம் வசூலிக்க வேண்டாம். பணம் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சண்டை வரும். வேன் வைத்துப் போகும் நாளில் மட்டும் பங்கு பிரியுங்கள், கணக்கை அன்றே குழுவில் போட்டுவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் வந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதலும், தொடர்பு எண்ணும் வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். முதல் சந்திப்பு பூங்கா போன்ற திறந்த பொது இடத்தில் இருக்கட்டும்.

அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற உலகளாவிய அமைப்பைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். சியாட்டில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கியது அது. நேரில் பார்த்து வரைதல், கண்ட காட்சிக்கு உண்மையாக இருத்தல், ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்து வரைதல் என்று எட்டு அம்சக் கொள்கை வைத்திருக்கிறார்கள். அந்தக் கொள்கையை யாரும் பின்பற்றலாம். ஆனால் அந்தப் பெயரையும் சின்னத்தையும் போட்டு ஊர்க் கிளை என்று அறிவிக்க அவர்களிடம் முறையாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். தொடக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரிலேயே கூடுங்கள். ஒரு வருடம் தொடர்ந்து நடந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

வண்ணம் முழுக்கக் காயாமல் நோட்டை மூடாதீர்கள். கடற்காற்றில் உப்பீரம் பட்ட தாள் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் மூடி வைத்தால் மறுநாள் ஒட்டிக்கொள்ளும். வந்ததும் மின்விசிறியின் கீழ் விரித்து வையுங்கள். நம் மழை மாதங்களில் தாளில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். முடிந்த நோட்டுகளைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றோடு போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். மாதம் ஒருமுறை நல்ல வெயில் நாளில் டப்பாவைத் திறந்து, நோட்டுகளை நிழலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்தால் போதும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.